பெயர் போட்டுத் தருகிறோம்: லேசரில் 412 பேக் டேக் செய்து முடிப்பது எப்படி

கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போனால், பில் போட்டு முடித்ததும் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். துண்டுச் சீட்டில் நாம் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, டர்ரென்று அதிரும் பேனாவால் குடத்தின் கழுத்தில் எழுதுவார். குடம் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வந்தது. அது உங்கள் வீட்டுக் குடமானது கடைசி இரண்டு நிமிடத்தில்தான். எழுத்துப் பிழை வந்தால் அந்தக் குடத்தை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

ஒரே பொருளை நூற்றுக்கணக்கில் செய்து, ஒவ்வொன்றையும் ஆளுக்கு ஏற்ப மாற்றித் தருவதை இப்போது பெரிய கம்பெனிகள் மாஸ் கஸ்டமைசேஷன் என்கிறார்கள். அதற்கும் அடிப்படை இந்த ஸ்டூல்காரர் செய்வதுதான். அதிரும் பேனா இருந்த இடத்தில் ஒரு கணினிக் கோப்பும் லேசரும் வந்திருக்கின்றன. ஒரு பெயரை வெட்டவும் நானூறு பெயரை வெட்டவும் ஒரே மாதிரி ஏற்பாடு போதும் என்பதுதான் வித்தியாசம். போதும் என்று மெஷின் விற்பவர்கள் சொல்வார்கள். மீதிக் கதையை நான் சொல்கிறேன்.

கோவை கணபதி பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். லேசர் ஒன்று, 3டி பிரிண்டர் மூன்று. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் பெரிய ஆர்டரை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடம், 412 குழந்தைகள், ஆளுக்கு ஒரு மர பேக் டேக், அதாவது புத்தகப் பையில் மாட்டும் பெயர் வில்லை. அளவு 60 × 25 மி.மீ., 3 மி.மீ. பிளைவுட், ஓரத்தில் வளையம் மாட்ட ஓட்டை, நடுவில் குழந்தையின் பெயர், கீழே வகுப்பு.

மாறுவது எது, மாறாதது எது

ஆர்டர் கொடுப்பவர் முதல் நாள் நிறையக் கேட்பார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு விலங்குப் படம், பெண் பிள்ளைகளுக்குப் பூ வடிவம், பையன்களுக்குக் கார் வடிவம், எல்.கே.ஜி.க்குப் பெரியது, ஐந்தாம் வகுப்புக்குச் சின்னது. எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள். வெளி வடிவம் ஒன்று, ஓட்டை ஒரே இடம், மரம் ஒன்று. மாறுவது பெயரும் வகுப்பும் மட்டும். வெளி வடிவமும் மாறினால் பிளைவுட் தாளில் அடுக்குவது மாறும், வெட்டும் நேரம் மாறும், பேக்கிங் மாறும். ஒரு மாற்றம் மூன்றாகப் பெருகும்.

மருத்துவத் துறையில் இதை அழகாகச் செய்கிறார்கள். பல் வரிசையைச் சரிசெய்யக் கம்பிக்குப் பதிலாகப் போடும் கண்ணாடி போன்ற உறை இருக்கிறதே, அலைனர், அதை எடுத்துக்கொள்ளுங்கள். வாயை ஸ்கேன் செய்து, சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பல்வரிசை அச்சை 3டி பிரிண்டரில் எடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து வெட்டுவது வழக்கமான முறை. தகடு எல்லோருக்கும் ஒன்று. அச்சு மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. காதுக்குள் பொருந்தும் செவித்துணைக் கருவியும் அப்படித்தான். உள்ளே இருக்கும் சிப்பும் ஒலிபெருக்கியும் பொது, மேல்கூடு அந்தந்தக் காதுக்கு. எந்த இடத்தில் மாற வேண்டுமோ அந்த ஒரு இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதையெல்லாம் பூட்டிவிடுகிறார்கள்.

எந்த மெஷின்

கார்பன் டை ஆக்சைடு லேசர் மரம், அக்ரிலிக், தோல், காகிதம், துணி எல்லாவற்றையும் வெட்டும், எழுதும். பளபளவென்ற வெறும் எவர்சில்வரில் அதன் கதிர் பாச்சா பலிக்காது. பவுடர் கோட்டிங் அடித்த தண்ணீர் பாட்டிலில் மேல் பூச்சை மட்டும் எரித்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் காட்டும், அதுவே அழகாக இருக்கும். வெறும் உலோகத்தில் எழுத ஃபைபர் லேசர் வேண்டும். மேசை மேல் வைக்கும் சின்ன டயோடு லேசர் மலிவு, பழகுவதற்கு நல்லது. ஆனால் நிறமில்லாத அக்ரிலிக் அதன் நீல ஒளியை அப்படியே ஊடுருவ விட்டுவிடும், வெட்டாது.

3டி பிரிண்டரில் பெயர் எழுந்து நிற்கிற மாதிரி செய்யலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மெதுவாக ஓடும். இன்னொன்று, அதிகம் பயன்படும் பிஎல்ஏ இழை 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் டேஷ்போர்டில் கிடந்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். மக் மீது போட்டோ போடும் சப்ளிமேஷன் தனிக் கலை. 180 முதல் 200 டிகிரி வரை சூடு, ஒரு மக்குக்கு மூன்று நிமிடம் போல ஆகும், ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். நானூறு மக் என்றால் இருபது மணி நேரம் அதன் முன்னாலேயே நிற்க வேண்டியதுதான்.

மரத்தில் பெயர் என்றால் கார்பன் டை ஆக்சைடு லேசர்தான். அதற்காக உடனே வாங்கிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று ஆர்டரை வெளியே ஜாப் ஒர்க் கொடுத்துச் செய்யுங்கள். லேசர் கட்டிங் கடைகளில் நிமிடக் கணக்கில் காசு வாங்குவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். ஆபரேட்டர் எந்தக் கோப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்பதை மட்டும் கவனித்தாலே பாதித் தொழில் வந்துவிடும்.

மெஷின் யாருடையதாக இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. ரெக்சினை லேசரில் போடாதீர்கள். தோல் மாதிரி இருக்கும் அந்தத் துணி பெரும்பாலும் பிவிசி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் ஆகாது, மெஷினின் தண்டவாளத்தையும் லென்ஸையும் அரித்துவிடும். ஒரு பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன்மேல் தொட்டு, ஒட்டிக்கொண்டு வந்ததைத் திரும்பச் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அந்தப் பொருளைத் தொடாதீர்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். அப்புறம், லேசர் ஓடும்போது டீ குடிக்கப் போகக்கூடாது. மரம் தீப்பிடிக்க ஒரு நிமிடம் போதும்.

மாதிரி: 412இல் மிக நீளமான பெயர் எது?

மாதிரி டேக் செய்யச் சொன்னால் எல்லோரும் "கவிதா" என்று போட்டுப் பார்ப்பார்கள். கவிதா எந்த டேக்கிலும் அழகாகத்தான் இருப்பாள். பட்டியலை வாங்கி மிக நீளமான பெயரையும் மிகச் சின்ன பெயரையும் எடுங்கள். ஒரு பக்கம் "சிவசுப்பிரமணியன்", இன்னொரு பக்கம் "உமா". இரண்டும் ஒரே டேக்கில் உட்கார வேண்டும். பெயர் நீள நீள எழுத்தைத் தானாகச் சுருக்கும் வசதி மென்பொருளில் இருக்கும், அதை நம்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்து டேக்கில் எழுத்து உயரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் கோணல்மாணலாகத் தெரியும். நான் இரண்டே அளவு வைத்திருக்கிறேன். சின்ன பெயருக்குப் பெரிய எழுத்து, நீளப் பெயருக்கு ஒரு படி சின்னது. அதிலும் அடங்காத பெயர் நானூறில் நாலைந்து வரும், அவற்றைக் கையால் சரிசெய்துவிடலாம்.

எழுத்துரு கொஞ்சம் தடித்ததாக இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழில் பல தடிமன் இருக்கிறது, பழகுவதற்கு நல்லது. மெல்லிய எழுத்து கணினித் திரையில் நாகரிகமாகத் தெரியும், மரத்தில் எரித்தால் மங்கிப்போகும்.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கு என்றே சில சங்கடங்கள் உண்டு. முதலாவது புள்ளி. எழுத்தை மரத்தின் மேல் எரிப்பது என்றால் கவலையில்லை. பெயரையே வெட்டி எடுத்துத் தரச் சொன்னால் புள்ளியெல்லாம் தனித்தனியாகக் கீழே விழும். "கார்த்திக்" என்ற ஒரே பெயரில் மூன்று புள்ளி. தமிழ் எழுத்துகளோ ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆகவே புள்ளியோடு எழுத்தும் விழும். முதல் தடவை எனக்கு இப்படித்தான் ஆனது. மெஷின் நின்றதும் மூடியைத் திறந்தால் உள்ளே கா, ர, த, தி, க என்று அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்க வேண்டியிருந்தது. வெட்டி எடுக்கும் பெயர் வேண்டுமென்றால் எழுத்துகளைச் சுற்றி 3 அல்லது 4 மி.மீ. தள்ளி ஒரு வெளிக்கோடு போட்டு, அந்த வடிவத்தைப் பின்பலகையாக வெட்டி, மேலே எழுத்தை எரிக்கவோ ஒட்டவோ வேண்டும். ஸ்டென்சில் என்றால் இதற்கு நேர்மாறான தொல்லை. எழுத்தின் சுழிக்குள் இருக்கும் பகுதி விழுந்துவிடும், ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் விட வேண்டும்.

பட்டியல்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மெஷினைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை.

பள்ளியிலிருந்து பட்டியல் எப்படி வரும்? இரண்டு வகுப்பு எக்செல்லில், ஒரு வகுப்பு கையால் எழுதி வாட்ஸ்அப் போட்டோவாக, ஒரு வகுப்பு டிடிபி கடையில் அடித்த பழைய பாமினி எழுத்துருவில். அந்தக் கடைசியை உங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே எக்செல்லில் கொண்டுவாருங்கள். பத்திகள்: வரிசை எண், வகுப்பு, பிரிவு, ரோல் நம்பர், பெயர், எழுத்து அளவு. வரிசை எண்ணை ஒருபோதும் விடாதீர்கள். 001 முதல் 412 வரை அந்தக் குழந்தைக்கு உங்கள் பட்டறையில் அதுதான் அடையாளம். கோப்பை சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று கொடுத்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடும். மூடித் திறக்கும் வரை அது தெரியாது என்பதுதான் கொடுமை.

அப்புறம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பிழைகள். "கௌதம்" என்ற பெயரில் ஔகாரக் குறி இருக்க வேண்டும். தட்டச்சில் பலர் எகரக் கொம்பும் ளகரமும் போட்டு "கெளதம்" என்று அடித்திருப்பார்கள். திரையில் ஒன்றுபோலத் தெரியும், மரத்தில் பெரிதாக எரித்தபின் அந்த "ள" பல்லைக் காட்டும். "ஸ்ரீ" இரண்டு விதமாக எழுதப்படுகிறது, ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும். பார்க்க ஒன்றேதான், ஆனால் எக்செல்லில் "ஸ்ரீநிதி" என்று தேடினால் பாதிப் பேர்தான் கிடைப்பார்கள். "கொ" போன்ற எழுத்தும் உள்ளே இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஒரே குழந்தையின் பெயர் இரண்டு முறை வந்திருந்தால் கணினி அதை வேறு வேறு பெயர் என்று நினைத்துக்கொள்ளும். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலி இடத்தையும் நீக்குங்கள். நடுவில் நிற்க வேண்டிய பெயர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, தமிழிலா ஆங்கிலத்திலா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா? இதற்கு ஒரு விதி எழுதி, ஆர்டர் கொடுப்பவரிடம் ஒப்புதல் வாங்குங்கள். பிள்ளையின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமை உங்களுக்கு இல்லை. "ஜஷ்வந்த்" என்பதைத் திருத்தப் போகாதீர்கள், அவன் அப்பா அப்படித்தான் வைத்திருக்கிறார்.

சுத்தம் செய்த பட்டியலை வகுப்புவாரியாக பிடிஎஃப் ஆக்கி, டேக்கில் வரப்போகும் அதே எழுத்துருவில் வகுப்பாசிரியர்களுக்கு அனுப்புங்கள். "இதில் உள்ளபடியே எரிக்கப்படும்" என்று மேலே எழுதுங்கள். ஒவ்வொருவரும் பார்த்து ஓகே சொன்ன செய்தியைப் பத்திரமாக வையுங்கள். ஒரு ஆசிரியை எனக்கு இரவு பதினொரு மணிக்கு அனுப்பினார்: "சார், 37 நம்பர் பையன் போன வாரம் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டான். அந்த நம்பரைக் காலியா விட்டுடுங்க, கீழ இருக்கிறதை மேல ஏத்தாதீங்க." பட்டறையில் இருபது வருடம் நின்றவரைப்போல் பேசினார். காலி நம்பர் காலியாகவே இருக்க வேண்டும். மேலே ஏற்றினால் ஆசிரியர் பார்த்து ஓகே சொன்ன பட்டியலும் உங்கள் கோப்பும் அந்த இடத்திலிருந்து ஒன்றுக்கொன்று பொருந்தாது.

இன்னொரு விஷயம். பெயரோடு அம்மாவின் போன் நம்பரையும் டேக்கில் போடச் சொல்வார்கள். தொலைந்தால் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் பையில் தொங்கும் டேக்கை ரோட்டில் போகிற யாரும் படிக்கலாம். நம்பர் வேண்டுமென்றால் பின்பக்கம், சின்ன எழுத்தில். வேலை முடிந்து பணம் வந்ததும் குழந்தைகள் பட்டியலை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள், பட்டறைக் கணினியில் ஒரு பிரதி போதும்.

பெயர்களை வடிவத்துக்குள் இறக்குவது

கையால் 412 முறை ஒட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோர்க்கும். அதில் நெக்ஸ்ட்ஜெனரேட்டர் என்ற துணைநிரலைச் சேர்த்தால், வடிவத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியை வைத்து, சிஎஸ்வி கோப்பைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோப்பாகச் செய்து தரும். லேசரை ஓட்டும் மென்பொருளான லைட்பர்ன் பயன்படுத்துபவர்களுக்கு அதற்குள்ளேயே மாறும் எழுத்து என்று ஒரு வசதி உண்டு, சிஎஸ்வியிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். 3டி பிரிண்டருக்கு என்றால் ஓப்பன்எஸ்கேட் என்ற மென்பொருள்: பெயரை ஒரு மாறியாக வைத்து, கட்டளை வரியிலிருந்து ஒவ்வொரு பெயராக ஓட்டலாம்.

ஒரு சின்ன சூட்சுமம். வரிக்கு ஒரு கோப்பு என்றால் 412 கோப்பு வரும், அவற்றைத் தாளில் அடுக்குவதே தனி வேலையாகிவிடும். நான் வரி என்பதைத் தாள் என்று மாற்றிக்கொள்வேன். 600 × 400 மி.மீ. பிளைவுட்டில் ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு, இந்த டேக்கை 3 மி.மீ. இடைவெளியில் அடுக்கினால் குறுக்கே 9, நெடுக்கே 13, மொத்தம் 117. சிஎஸ்வியில் ஒரு வரிக்கு 117 பெயர்ப் பத்தி, நான்கே வரி. நான்கு தாள் கோப்புகள் வந்து விழும்.

கோப்பு வந்ததும் எழுத்தை எல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டுத்தான் லேசர் மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டும். எழுத்தாகவே கொண்டுபோனால் சில மென்பொருள்கள் "கொ"வின் கொம்பைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடும். ஜாப் ஒர்க் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, அதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு டேக்குக்கும் வெளியே, இடைவெளியில், வரிசை எண்ணையும் மெல்லிய கோடாக எரியுங்கள். 3 மி.மீ. இடைவெளியில் குட்டி எழுத்துதான் அடங்கும், போதும். பெயரைப் படிக்காமலேயே எந்த டேக் என்று தெரியும்.

ஓட்டுவது

எந்த மரத்துக்கு எவ்வளவு பவர், எவ்வளவு வேகம் என்று யாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். அதே தாளின் ஓரத்துண்டில் சின்னச் சதுரங்களாக, வேகத்தையும் பவரையும் மாற்றி மாற்றி எரித்துப் பாருங்கள். பிளைவுட் லோடுக்கு லோடு மாறும், உள்ளே பசை கட்டியாக இருக்கும் இடத்தில் கதிர் அறுக்காது.

எரிப்பது முதலில், வெட்டுவது பிறகு. வெட்டுவதிலும் ஓட்டை முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் டேக், மெஷினுக்குள் மரத்தைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டில் லேசாகச் சாய்ந்துவிடும், அதன்பிறகு எரிக்கிற பெயர் ஒருபக்கம் மங்கும், ஓட்டை இடம் மாறும்.

எரிப்பதில் ஒரு தேர்வு நேரத்தைப் பாதியாக்கும். ஒவ்வொரு டேக்கையும் தனித்தனியாக எரிக்கும்படி விட்டால், லேசர் தலை 55 மி.மீ. போய்த் திரும்பி, போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். திரும்புவதற்குத்தான் நேரம் போகும். குறுக்கு வரிசையில் உள்ள ஒன்பது பெயரையும் சேர்த்து ஒரே வீச்சில் எரிக்கச் சொன்னால், தலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே ஓட்டமாகப் போகும். பெயர் 10 மி.மீ. உயரம், கோட்டுக்குக் கோடு 0.1 மி.மீ., வேகம் வினாடிக்கு 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 117 டேக் கொண்ட ஒரு தாளுக்கு 40 நிமிடம் வாக்கில் ஆகும். தனித்தனியாக விட்டால் 85 நிமிடத்தைத் தாண்டும். வெட்டுவதற்கு மேலும் 25 நிமிடம்.

எரிப்பதற்கு முன் தாளின் மேல் அகலமான காகித மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். புகைக்கறை மரத்தில் படியாது. ஆனால் வெட்டும்போது அந்த டேப்பும் சேர்ந்தே அறுபடும். அதனால் வெட்டி முடித்ததும் தாளை அசைக்காமல் அதன்மேல் இன்னொரு அடுக்கு டேப் ஒட்டுங்கள், 117 டேக்கும் அதில் ஒட்டிக்கொண்டு வரிசை குலையாமல் நிற்கும். தாளை அப்படியே சப்பாத்தி மாதிரி தூக்கி மேசைக்குக் கொண்டுவரலாம்.

ஏற்கெனவே செய்து வந்த பேனா, பாட்டில், கீ செயின் மேல் பெயர் போடுவதானால் ஜிக் வேண்டும். ஒரு எம்டிஎஃப் பலகையில் அந்தப் பொருள் உட்காரும் அளவுக்குக் குழிகள் வெட்டி, ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டு, மெஷினின் மூலையில் நெருக்கிப் பொருத்துங்கள். ஒரு தடவை 24 பேனாவை வைத்து எரித்து எடுக்கும்போது, இரண்டாவது ஜிக்கில் அடுத்த 24ஐ அடுக்கிவிடலாம். குழியில் பொருள் வைக்காமல் விட்டுப்போனால் அந்தப் பெயர் பலகையில் எரிந்து நிற்கும். அதைப் பார்த்ததும் "சரி, அடுத்ததில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணை உடனே ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

சரிபார்த்துப் பிரிப்பது

என் முதல் பள்ளி ஆர்டரில் பட்டியலை அகரவரிசைப்படி அடுக்கினேன். கணினிக்கு அதுதான் சுலபமாக இருந்தது. 300 சொச்சம் டேக்கை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு போய்ப் பெருமையாக மேசையில் வைத்தேன். ஆசிரியர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அனிதாக்களும் அருண்களும் எட்டு வகுப்பிலிருந்து வந்து ஒரே குவியலில் கிடக்கிறார்கள். அன்று சாயங்காலம் ஐந்தரை வரை ஸ்டாஃப் ரூம் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். அதன்பிறகு ஒன்றை மாற்றியதே இல்லை. கொடுக்கும் வரிசை எதுவோ அதே வரிசையில்தான் எரிப்பேன்: வகுப்பு, பிரிவு, ரோல் நம்பர்.

சரிபார்ப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பட்டியலைப் பார்த்து எண்ணையும் பெயரையும் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் டேப்பிலிருந்து டேக்கை உரித்து, பார்த்து, தட்டில் வைக்க வேண்டும். அடித்தவரே படிக்கக்கூடாது, அவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. எங்கள் வீட்டில் என் மாமியார் படிப்பார், பையன் உரிப்பான். பிரிவுக்கு ஒரு ஜிப் கவர், மேலே வகுப்பும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டு. ஆசிரியர் கவரைத் திறந்து ரோல் நம்பர்ப்படி கொடுத்துக்கொண்டே போகலாம்.

விலை சொல்வது

ஜாப் ஒர்க் நிமிடத்துக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று முழுத் தாள், நான்காவதில் பாதி. தாளுக்கு 65 நிமிடம் என்றால் மொத்தம் 230 நிமிடம் போல. 3,450 ரூபாய். டேக்குக்கு எட்டரை ரூபாய்கூட வரவில்லை. இதோடு மரம், வளையம், டேப், கவர். புதிதாக வருகிறவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை சொல்லிவிடுவார்கள்.

இப்போது உங்கள் நேரத்தைக் கணக்கெடுங்கள். எனக்கு இந்த ஆர்டரில் பட்டியல் சேர்த்துச் சுத்தம் செய்யவும் ஆசிரியர்களோடு பேசவும் ஆறு மணி நேரம். உரித்து, சரிபார்த்து, வளையம் மாட்டி, கவரில் போட ஐந்து மணி நேரம், அதுவும் இரண்டு பேருக்கு. மெஷின் ஓடியது நான்கு மணி நேரம்கூட இல்லை. ஆகவே விலையை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: டேக்குக்கு இவ்வளவு, பட்டியல் வேலைக்கு மொத்தமாக இவ்வளவு, ஓகே சொன்னபின் மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு. மூன்றாவதைப் பார்த்ததும் பட்டியல் தானாகச் சுத்தமாக வரும். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் போட்ட பொருளை வேறு ஆளுக்கு விற்க முடியாது என்பதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நானூறு நாலாயிரம் ஆனால் இதே முறை தாங்கும், இரண்டு இடத்தைத் தவிர. ஒன்று, மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் பட்டியல் வாங்குவதை நிறுத்திவிட்டு, பெற்றோரே பெயரை அடித்து, டேக் எப்படி வரும் என்று பார்த்து ஓகே சொல்லும் படிவம் வைக்க வேண்டும். இரண்டு, வாய்விட்டுப் படிக்கும் சரிபார்ப்பு அந்த அளவுக்குத் தாங்காது. தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் குட்டி க்யூஆர் குறியை எரித்து, போனில் ஸ்கேன் செய்ததும் அந்தக் குழந்தையின் பெயரும் கவர் எண்ணும் திரையில் வரும்படி செய்ய வேண்டும். அதற்கு இடைவெளியை 3 மி.மீ.யிலிருந்து கூட்ட வேண்டியிருக்கும், தாளுக்கு டேக் குறையும்.

நான்காவது தாளில் வேலை முடிந்ததும் மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 117 இடத்தில் 61தான் போயிருக்கிறது, 56 இடம் பாக்கி. தாளின் பின்னால் பள்ளியின் பெயரையும், பரீட்சித்து வைத்த பவர், வேக எண்களையும் பென்சிலால் எழுதி அலமாரியில் நிறுத்தி வையுங்கள். பத்து நாளில் போன் வரும். ஒருத்தி டேக்கைத் தொலைத்திருப்பாள், ஒருவன் நாய்க்குக் கடிக்கக் கொடுத்திருப்பான், மூன்றாம் வகுப்பு பி பிரிவில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கும். அதே மரம், அதே நிறம், அதே கோப்பு. இடம் 62இலிருந்து தொடங்குங்கள்.